எரிமலை மண்ணும் ஷார்ஜா சிக்னலும்

வண்டி ஓட்டுகிற நாளில் நான் ஒயினை வாயில் வைப்பதில்லை. முகர்வதோடு சரி. ஜெபல் அலியில் இருக்கிற ஓர் இறக்குமதிக் கம்பெனியில், ஹோட்டல் ஊழியர்களுக்கு ஒயினைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எந்த ஊர்த் திராட்சை, எந்த மண், எந்தச் சாப்பாட்டோடு எது சேரும் என்று வகுப்பெடுப்பேன். வகுப்புக்கு வருகிறவர்கள் ஒரு வாய் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்புவார்கள். அதற்கென்று மேஜையில் வாளி இருக்கும். நான் அதுகூடச் செய்வதில்லை. வகுப்பு முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஷார்ஜாவுக்குப் போக வேண்டுமே.

அப்போது எங்கள் வீடு ஷார்ஜாவில் இருந்தது. அலுமினிய ஜன்னல் செய்கிற ஒரு கம்பெனியில் என் கணவருக்கு வேலை. மகளுடைய பள்ளிக்கூடமும் அங்கேயே. துபாய் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் நான் மட்டும் தினமும் அந்த நீள ரோட்டில் போய் வந்துகொண்டிருந்தேன். துபாயில் என் வேலை சட்டப்படியான வேலை. ஷார்ஜாவில் மதுவுக்கு இடமே இல்லை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு போர்டுதான் உண்டு, சோதனைச் சாவடி எதுவும் கிடையாது. ஆனாலும் அந்தப் போர்டைத் தாண்டும்போதெல்லாம் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துக்கொள்வேன். காரில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்ப்பேன்.

தென்காசியில் இருக்கிற சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை நான் உணவுப் பொருள் இறக்குமதி செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் பில்டிங்கில் அதே மாடியில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் அப்படித்தான். வேலை முடிந்து கிளம்புமுன் கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுவேன். துப்பட்டாவை மாற்றுவேன். வாயில் வைக்காத ஒயினுக்காகக் கிராம்பை மெல்லுவேன். லிஃப்டில் யாராவது கூட ஏறினால் சுவரைப் பார்த்து நின்றுகொள்வேன். மாமியார் வீடியோவில் பேசும்போது, "அங்கன என்ன சாமான்லாம் இறக்குதீங்க?" என்று கேட்பார். நான் சீஸ், ஆலிவ் எண்ணெய் என்று அடுக்குவேன். அவை கம்பெனிக்கு வருவதும் உண்மைதான்.

அந்த வருஷம் வெயில் தணியத் தொடங்கியிருந்த சமயத்தில் சிசிலியிலிருந்து ஓர் அம்மா வந்தார். எட்னா எரிமலையின் வடக்குச் சரிவில் திராட்சை வளர்த்து ஒயின் செய்கிறவர். அறுபது வயது இருக்கும். குட்டையான உருவம், வெயிலில் கறுத்த கழுத்து, வெடிப்பு விழுந்த கைகள். பெரிய கம்பெனிக்காரர்கள் கோட்டும் சூட்டுமாக வந்து படம் போட்டுக் காட்டுவார்கள். இந்த அம்மா துணிப்பையிலிருந்து கண்ணாடி ஜாடிகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் மண்.

எங்கள் தொழிலில் 'டெர்வார்' என்று ஒரு ப்ரெஞ்சு வார்த்தை உண்டு. ஒரு நிலத்தின் மண், சரிவு, வெயில், காற்று, அதைப் பார்த்துக்கொள்கிறவர்களின் பழக்கம் எல்லாம் சேர்ந்து ஒயினுக்குள் வந்துவிடுகிறது என்று அர்த்தம். வகுப்பில் வாய் வலிக்க நான் சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தை. அதைக் கையால் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு ஜாடியில் வெடிமருந்து மாதிரிக் கறுத்த பொடி. இன்னொன்றில் துருப்பிடித்த நிறத்தில் நுரைத்த கற்கள். மூன்றாவதில் சாம்பல் நிறச் சரளை. மூன்றும் பக்கத்துப் பக்கத்து வயல்கள் என்றார். ஒவ்வொன்றும் மலை வெவ்வேறு காலத்தில் கக்கியது. நெருப்புக் குழம்பு ஓடிக் குளிர்ந்து, பாறையாகி, பாறை பொடிந்து மண்ணாவதற்குள் பல தலைமுறை போய்விடுமாம். அதனால் அங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பேர் இருக்கிறது.

ஒயினுக்குப் பேர் எட்னா ரோஸ்ஸோ. ரோஸ்ஸோ என்றால் இத்தாலிய மொழியில் சிவப்பு. நெரெல்லோ மஸ்கலேஸே என்ற கறுப்புத் திராட்சையிலிருந்து வருவது. ஆனால் கோப்பையில் ஊற்றினால் கருகருவென்று இருக்காது. மாதுளை முத்தை வெளிச்சத்தில் பிடித்த மாதிரி, பின்னால் இருக்கிற விரல் தெரியும். முகர்ந்தால் முதலில் புளிப்புச் செர்ரி, அப்புறம் காய்ந்த இலைகள், எல்லாவற்றுக்கும் அடியில் தண்ணீர் தெளித்து அணைத்த விறகடுப்பின் வாடை. பொடிமண் வயலின் ஒயின் மணமாக, லேசாக இருந்தது. கல்வயல் ஒயினைக் குடித்துப் பார்த்தவர்கள் நாக்கை இழுத்துக்கொண்டார்கள். நாவற்பழம் தின்ற மாதிரி இருந்திருக்க வேண்டும். நான் இரண்டையும் மூக்கிலேயே பிரித்து வைத்துக்கொண்டேன்.

ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதும் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்த பூச்சி, இந்த எரிமலை மணலில் மட்டும் வாழ முடியாமல் செத்ததாம். அதனால் நூறு வயது தாண்டிய செடிகள் இன்னும் சொந்த வேரில் நிற்கின்றனவாம். பந்தல் போடுவதில்லை. குச்சியில் கட்டி ஒற்றைச் செடியாக நிறுத்துவார்கள். கருங்கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களில் டிராக்டர் ஏறாது. பகலில் நல்ல வெயில், ராத்திரியில் குளிர். அக்டோபர் வரை பழம் செடியிலேயே இருக்கும். இதையெல்லாம் அவர் உடைந்த ஆங்கிலத்தில், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வகுப்பில் ஒரு நேபாளிப் பையன், இவ்வளவு பக்கத்தில் எரிமலை இருந்தால் பயமாக இருக்காதா என்று கேட்டான். அவர் சிரித்து, அடுத்த பாட்டிலைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

அவருக்கு அன்று இரவே விமானம். நான் கிளம்பும்போது அந்த அம்மா என் கார்வரை வந்தார். மகள் இருப்பதைச் சொல்லியிருந்தேன். அவளுக்குக் கல் தருகிறேன் என்று துணிப்பையை நீட்டினார். மேலே அந்தக் கறுப்புப் பொடி ஜாடியும் இரண்டு நுரைக்கற்களும் தெரிந்தன. டிக்கியைத் திறந்தேன். அவரே குனிந்து, பையை ஓரமாக அணைத்து வைத்தார். கன்னத்தில் கன்னம் வைத்து விடைபெற்றார். நான் டிக்கியை மூடினேன்.

ஷார்ஜா போர்டைத் தாண்டி, எங்கள் ஏரியாவுக்குத் திரும்புகிற சிக்னலில் நின்றிருந்தேன். வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. மகளுக்கு இரவுக்குத் தோசை ஊற்ற மாவு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. பின்னாலிருந்து பலமாக ஓர் இடி. தலை முன்னால் போய்ப் பெல்ட் இழுத்துப் பின்னால் வந்தது. ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை.

இறங்கிப் பார்த்தால் ஒரு பிக்கப் வண்டி என் காரின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதிலிருந்து தாடி வைத்த ஒருவர் பதறிக்கொண்டு இறங்கினார். "ஐயோ" என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே பேசினார்.

"தங்கச்சி, அடி எதுவும் பட்டுச்சா? தப்பு என் பக்கம்தான். பின்னால அரிசி மூட்டை ஏத்தியிருக்கேன், புடிச்ச பிரேக்குல வண்டி நிக்கல."

ஒன்றும் படவில்லை என்றேன். காயல்பட்டினத்துக்காரர், அடுத்த தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார் என்று பேச்சில் தெரிந்தது. போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் எந்த ஒர்க்‌ஷாப்பும் அடிபட்ட வண்டியில் கை வைக்காது. அவரே போனை எடுத்துப் போலீசுக்குச் சொன்னார். நான் அடி எவ்வளவு என்று பார்க்கக் காரின் பின்னால் போனேன். டிக்கி மூடி வளைந்து, ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து தாரில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது.

சிவப்பாக இருந்தது. ஏதோ ஆயில் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் வாடை வந்தது.

மற்றவர்களுக்கு அது வெறும் சாராய வாடையாக இருந்திருக்கும். எனக்கு அது புளிப்புச் செர்ரி, காய்ந்த இலை, அணைத்த அடுப்பு. அதிலும் பொடிமண் வயலின் ஒயின். காலை முழுவதும் முகர்ந்ததை ஷார்ஜா ரோட்டில், சூடான தாரின் மேல், என் மூக்கு ஒரு நொடியில் பேர் சொல்லிவிட்டது. பிளந்த இடத்தின் வழியாக உள்ளே பார்த்தேன். கற்களுக்கு அடியில், துண்டில் சுற்றிய ஒரு பாட்டில் கழுத்து உடைந்து கிடந்தது. துண்டு முழுவதும் நனைந்திருந்தது. ஜாடியும் விரிசல் விட்டு, கறுப்புப் பொடி அந்த ஈரத்தில் கொட்டியிருந்தது.

காரைப் பிடித்துக்கொண்டேன். மூன்று முகங்கள்தான் மனதில் ஓடின. கணவர், மகள், ஊரில் அப்பா. ஜெயில், விசா ரத்து, கணவருக்கும் மகளுக்கும் எனக்கும் ஊருக்கு டிக்கெட், தென்காசி ரயில்வே ஸ்டேஷனில் இறங்குகிற நாங்கள், அதைப் பார்க்க வந்த சொந்தம் என்று முழுப்படமும் ஓடி முடிந்தது.

மளிகைக்கடைக்காரர் பக்கத்தில் வந்தார். மூக்கைச் சுருக்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது என்ன வாடை, தங்கச்சி?"

நான் சொன்னேன். என் வேலை என்ன, பை யார் கொடுத்தது, பாட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது என்று எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் சொன்னேன். எங்கள் மாடியில் பழகிய யாரிடமும் இத்தனை வருஷமாகச் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் நடுரோட்டில் கொட்டினேன். பிக்கப்பில் தண்ணீர் பாட்டில் கட்டுகள் இருந்தன. அதைக் கொடுங்கள் அண்ணாச்சி, ரோட்டைக் கழுவிவிடுகிறேன் என்றேன். ஒன்றை எடுத்துத் திறந்து என் கையில் கொடுத்தார்.

"இது நீங்க குடிக்க. ரோட்டுல ஊத்தாதீங்க. கழுவினா ஒளிச்ச மாதிரி ஆயிரும். அவங்க கேட்டா உள்ளதச் சொல்லிருங்க. எங்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். கேக்காததச் சொல்லவும் மாட்டேன்."

அந்தப் பேச்சில் எனக்கு ஆறுதலும் வந்தது, பயமும் கூடியது. வேறொருவராக இருந்தால் இந்த வாடையைக் காட்டி, விபத்துக்கே நான்தான் காரணம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இவர் சாட்சியாக நிற்கப்போகிறார், உண்மையை மட்டும் சொல்வார். உண்மை என்னைக் காப்பாற்றுமா என்று எனக்குத் தெரியவில்லை. கணவருக்குப் போன் செய்தேன். விபத்து என்று மட்டும் சொல்ல முடிந்தது. இடத்தைச் சொல்லச் சொல்லி அவர் நம்பரை மளிகைக்கடைக்காரரிடம் கொடுத்தேன்.

போலீஸ் வண்டி வந்தது. இளவயது அதிகாரி. இருவர் லைசென்ஸையும் வாங்கினார், பிக்கப்பின் மூக்கைப் பார்த்தார், என் காரின் பின்னால் வந்தார். நடந்தவர் நின்றார். தரையைப் பார்த்தார். அங்கே இப்போது ஒரு சிறிய சிவப்புக் குளமே இருந்தது. அவர் டிக்கி மூடியைக் கஷ்டப்பட்டுத் தூக்கினார். பாட்டிலை விட அந்தக் கறுப்புப் பொடியைத்தான் அதிக நேரம் பார்த்தார். விரலால் தொடவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒயினைவிட அந்த மண், வெடிமருந்து மாதிரி, இன்னும் பயங்கரமாகத் தெரியும். எரிமலைச் சாம்பல் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சத்தம் போடவில்லை. வயர்லெஸ்ஸில் அரபியில் நிறையப் பேசினார். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை கமர் என்பதுதான், மது. பிறகு, ஸ்டேஷனுக்கு வர வேண்டும் சிஸ்டர் என்றார்.

ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் என்னை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். ஏசிக் குளிரில் பல் கிட்டியது. பிறகு ஒரு நர்ஸ் வந்து ரத்தம் எடுத்தார். நான் குடித்திருக்கிறேனா என்று பார்க்க. வாயில் வைக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊசி வெளியே வந்ததும் அந்தத் தெரிதல் ஆடத் தொடங்கியது. காலை முழுவதும் மூக்கைக் கோப்பைக்குள் விட்டுக்கொண்டிருந்தேனே, முகர்ந்தே ரத்தத்தில் ஏறியிருக்குமோ? துப்பும் வாளியைக் காலி செய்தபோது கையில் பட்டதே, அந்தக் கையால் உதட்டைத் துடைத்தேனோ? மத்தியானம் கொடுத்த கேக்கில் ஏதாவது கலந்திருந்ததோ? ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். செய்யாததற்கும் உடம்பு பயப்படும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கணவர் வந்தார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார், சின்ன விபத்து என்று சொல்லி. வழியிலேயே மளிகைக்கடைக்காரர் போனில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கணவர் முகத்தில் உயிரே இல்லை.

"என்ன சொல்லிருக்க அவங்ககிட்ட?" என்றார்.

"உள்ளதத்தான்."

"எழுதி வாங்கிட்டாங்களா?"

"ரத்தம் எடுத்திருக்காங்க."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். என் ஊசி குத்திய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சுவரையே பார்த்தார். இந்த மனிதர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கம்பெனியிலிருந்து விசா, போலீஸ் மாதிரி விஷயங்களைப் பார்த்துக்கொள்கிற மலையாளி வந்தார். கம்பெனி லைசென்ஸ் நகல்களைக் காட்டி உள்ளே அரபியில் பேசிவிட்டு வந்தவர், ரத்த ரிப்போர்ட் வரட்டும் என்று மட்டும் சொன்னார். அந்த இத்தாலி அம்மாவுக்குத் தகவல் சொல்லிவிட்டதாகவும், நேராக ஏர்போர்ட் போய் விமானம் ஏறிவிடும்படி சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. அவரும் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது?

ஆனால் அந்த அம்மா வந்துவிட்டார். இஷா என்கிற இரவுத் தொழுகைக்கான பாங்கு கேட்டுக்கொண்டிருந்தபோது, சூட்கேஸை உருட்டிக்கொண்டு, ஒரு டாக்சிக்காரருக்கு வழி சொல்லத் தெரியாமல் சொல்லி, ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றார். தலையை ஒரு சால்வையால் மூடியிருந்தார். மலையாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா யாரையும் கேட்காமல் மேஜையில் இருந்த அதிகாரியிடம் போய் நின்று, தான் சொல்ல வேண்டியதை வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். பாட்டிலை வைத்தது நான். அவளுக்குத் தெரியாது. அவள் மகளுடைய கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லாமல் வைத்தேன். எங்கள் ஊரில் அப்படிச் செய்வோம். யாரையாவது பிடித்துவைக்க வேண்டும் என்றால் என்னைப் பிடித்துவையுங்கள்.

அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் பயம் இப்போது இரண்டு மடங்கு. ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். காலையில் அந்த நேபாளிப் பையன், பயமாக இருக்காதா என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை இல்லையா என்றார்.

அவர் பள்ளிக்கூடம் போகிற வயதில் மலையின் பக்கவாட்டில் வெடிப்பு விட்டு நெருப்புக் குழம்பு இறங்கியதாம். ஓடி வருகிற வேகம் இல்லை. ஒரு மனிதன் நடக்கிற வேகத்துக்கும் குறைவு. அதுதான் கொடுமை என்றார். வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்பாவும் சித்தப்பாவும் வீட்டின் கதவு, ஜன்னல், கூரை ஓடு எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். அவருடைய அம்மா முற்றத்தைக் கூட்டினாராம், வழக்கம்போல. குழம்பு மேல் வயலை விழுங்கிவிட்டு, வீட்டுக்கு மேலே கருங்கல் சுவரில் வந்து நின்றது. ஏன் அங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது. தரை ஆறுவதற்கு ரொம்ப காலம் ஆயிற்று. மழை பெய்தால் ஆவி கிளம்பும். அதற்குப் பிறகும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம் என்றார்.

"மேலே புகை வந்துகொண்டிருந்தால் தூங்குவேன். உள்ளே அடைத்துக்கொண்டு புகை நின்ற இரவுகளில், ஓடத் தயாராக, உடுத்திய துணியோடு உட்கார்ந்திருப்பேன். என் மகனுக்குக்கூட இது தெரியாது" என்றார். பிறகு தன் கையை என் கன்னத்தில் வைத்தார். பனிக்கட்டி மாதிரி இருந்தது. அவரும் பயந்துபோய்த்தான் வந்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது. வந்த காரணத்தை நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

ரிப்போர்ட் வந்தது. வயதான ஓர் அதிகாரி எங்களை உள்ளே கூப்பிட்டார். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று மலையாளியிடம் சொன்னார். மேஜைமேல் ஒரு தட்டில் அந்தக் கறுப்புப் பொடி இருந்தது. இது நெருப்பு மலையின் மண்ணா என்று அந்த அம்மாவிடம் கேட்டார். ஆமாம் என்றார். இதிலா செடி வளர்கிறது என்று கேட்டார். வளர்கிறது என்றார். அதிகாரி ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், திரும்பத் தர முடியாது என்றார். பாட்டிலும் அவர்களிடமே. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னதை மலையாளி இந்தியில் மாற்றிச் சொன்னார். உன் வண்டியில் யார் எதை வைத்தாலும் அது உன் பொருள். இனிமேல் பார்த்து மூடு. கூப்பிட்டால் வர வேண்டும். ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னையும் அந்த அம்மாவையும் அனுப்பினார்கள்.

வாசலில் மளிகைக்கடைக்காரர் நின்றிருந்தார். அவர் வேலை எப்போதோ முடிந்திருந்தது. தப்பு தன் பக்கம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். பிக்கப்பிலேயே அந்த அம்மாவை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போய் விமானத்தைப் பிடிக்கவைத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. வழியில் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம் கொடுத்தாராம்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். வேலையை விட்டுவிடு. நான் மாட்டேன் என்றேன். அந்த நேரத்தில் அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கொஞ்ச நாள் தனித்தனியாகச் சாப்பிட்டோம். ஒருநாள் காலை அவரே வந்து, "வேலைய விடலன்னா வீட்டயாவது மாத்துவோம். நீ தினம் அந்தப் போர்டத் தாண்டுத வரைக்கும் எனக்கு இங்க சோறு இறங்காது" என்றார். ஜெபல் அலிக்குப் பக்கத்தில் பழைய வீட்டில் பாதிகூட இல்லாத ஒரு வீட்டைப் பிடித்தோம். மகளைப் பள்ளி மாற்றினோம்.

கொஞ்ச காலம், ஷார்ஜா நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கும் முன் உட்கார்ந்துகொள்வேன். எல்லாம் கூரியர்காரர்களாக இருப்பார்கள். ஸ்டேஷனிலிருந்து யாரும் கூப்பிடவே இல்லை. அதற்குப் பிறகு முதல் முறையாக எட்னா ஒயின் வகுப்பு எடுத்தபோது, மூக்கைக் கோப்பையில் வைத்ததும் எனக்கு முதலில் வந்தது செர்ரி இல்லை. சூடான தார். வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டு வந்தேன். பிறகு கருங்கல் சுவரைப் பற்றிப் பேசினேன், பக்கத்துப் பக்கத்து வயலில் மண் ஏன் வேறு என்று பேசினேன். அந்த மலை அடியில் இருக்கிறவர்கள் பயப்படுவார்களா என்று யாராவது கேட்டால், பயப்படுவார்கள் என்று இப்போது தெளிவாகச் சொல்கிறேன். சாம்பல் மழை பெய்து, காய்த்த திராட்சைக் கொத்துகளைக் கழுவிக்கொண்டிருப்பதாகச் சென்ற வருஷம் அந்த அம்மா எழுதியிருந்தார். அன்றிலிருந்து அந்த மலையின் பேர் செய்தியில் வந்தால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது.

இப்போது அந்த நீள ரோட்டில் போய் வருவது என் கணவர். ஷார்ஜாவில் வேலை, இங்கே வீடு. அவர் காரில் எப்போதும் அளவுநாடாவும் அலுமினியத் துண்டுகளும்தான் இருக்கும். ஆனாலும் சாயங்காலம் அவர் வரக் கொஞ்சம் தாமதமானால் நான் ஜன்னலில் போய் நின்றுகொள்கிறேன். மகள் வந்து, "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் டிராஃபிக்" என்கிறாள். டிராஃபிக்தான் என்று எனக்கும் தெரிகிறது. நின்றுகொண்டே இருக்கிறேன்.